கல் ஆறும் வரை

அந்தப் பட்டறையில் அவளுக்கு உலையக்கா என்று பெயர். உலைப் பக்கம் நின்ற ஒரே பெண் என்பதால் சேர்ந்த புதிதில் யாரோ வைத்தது. பிறகு அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நெடுநெடுவென்ற உடம்பு. யார் எதைச் சொன்னாலும் முதலில் "ஏன்?" என்று கேட்கிற வாய். உலைக் கொட்டகையில் நின்று அவள் பேசினால், தெருக்கோடி சைக்கிள் கடைக்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து வந்துவிடுவார் என மெருகு அறைப் பெண்கள் கேலி செய்வார்கள். ஒரு தடவை நிஜமாகவே எழுந்து வந்தார்.

அங்கே செய்தது பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும்; கண்ணாடி இல்லை. கால்சியம் ஃபுளோரைடு படிகம். அவ்வளவு நீளப் பெயரை நாள் முழுவதும் யார் சொல்லிக்கொண்டிருப்பது? "கல்" என்று சொல்லிவிடுவார்கள். வெள்ளைப் பொடியாக வரும். அதைக் கரிக் குடுவையில் போட்டு, உலைக்குள் இறக்கி, காற்றையெல்லாம் உறிஞ்சி வெளியே தள்ளிவிட்டு, இரும்பே இளகுகிற அளவுக்குச் சூடேற்றுவார்கள். பொடி உருகித் தண்ணீர் போலாகும். குடுவையை மெல்ல மெல்லக் கீழே இறக்க, அடியிலிருந்து மேலாக அது ஒரே படிகமாக உறையும். அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. உறைந்த கல்லை அவசரமில்லாமல் ஆறவிட வேண்டும். வாரக்கணக்கில்.

உலையக்கா அதற்கு முன் ஓடு சுடும் தொழிற்சாலையில் சூளை பார்த்தவள். சூடு என்றால் சூடுதானே, இதில் என்ன புதிதாக இருக்கப்போகிறது என்ற நினைப்போடுதான் வந்தாள். முதல் வாரமே, கழித்துப்போட்ட ஒரு துண்டைக் கையில் எடுத்து, இது அப்படி என்ன பெரிய சீமாட்டி என்று பார்க்க, ஆவி பறக்கும் தன் டீக்குள் போட்டாள். டிக் என்று ஒரு சத்தம். டீயை வடிகட்டிப் பார்த்தபோது கல் சில்லுச் சில்லாகக் கிடந்தது. ஒவ்வொரு சில்லும் கத்தியால் சீவியது போல் வழவழப்பான முகங்களோடு இருந்தது. இந்தக் கல் சூட்டில் சட்டென்று விரியும், குளிரில் சட்டென்று சுருங்கும். பாதி விரிந்து பாதி விரியாமல் நின்றால் தனக்கென்று இருக்கிற தளங்களில் பிளந்துகொள்ளும். அன்று அவளுக்கு டீ போயிற்று, மரியாதை வந்தது.

இத்தனை சீராட்டி எதற்கு வளர்க்கிறார்கள் என்று கேட்டால், ஒளியிடம் அது நடந்துகொள்ளும் விதம் அப்படி. சாதாரணக் கண்ணாடி நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் விடும். அதற்கு இந்தப் பக்கம் புற ஊதா, அந்தப் பக்கம் அகச்சிவப்பு என்று கண்ணுக்குத் தெரியாதவை வந்தால் கதவைச் சாத்திவிடும். கல் இரண்டு பக்கமும் வெகுதூரத்துக்குத் திறந்தே இருக்கும். நிறங்களையும் அதிகம் பிரிக்காது. அதனால் நல்ல தொலைநோக்கிகளில் இந்தக் கல்லில் செய்த வில்லை ஒன்றைச் சேர்ப்பார்கள், நிலாவின் விளிம்பில் ஊதாக்கோடு விழாமல் இருக்க. முகத்தில் விழுகிற ஒளியைத் திருப்பி அனுப்புவதும் குறைவு. மெருகு போட்ட வில்லையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு, எங்கே போச்சு என்று புதிதாகச் சேர்ந்த பெண்கள் விரலால் துழாவுவார்கள்.

அந்தப் பட்டறையின் கற்கள் பெரும்பாலும் மூச்சுக்கருவிகளுக்குப் போயின. அறுவை சிகிச்சையில் மயக்கத்தில் கிடக்கிறவர் விடும் மூச்சில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்று அளக்கும் கருவி அது. அந்த வாயு அகச்சிவப்பில் ஒரு குறிப்பிட்ட துண்டை மட்டும் விழுங்கும். எவ்வளவு விழுங்கியது என்று பார்த்தால் ஆள் ஒழுங்காக மூச்சு விடுகிறாரா என்று தெரிந்துவிடும். நடுவே சாதாரணக் கண்ணாடியை வைத்தால் அந்த ஒளியைக் கண்ணாடியே சாப்பிட்டுவிடும். அதனால் சட்டைப் பொத்தான் அளவில் கல் ஜன்னல். கருவி செய்யும் கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் பெண் அவ்வப்போது வந்து ஜன்னல்களைச் சோதித்து வாங்கிப் போவாள். அவள்தான் ஒருநாள் உலைக்கு முன் ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். அன்றிலிருந்து உலையக்காவுக்குத் தன் வேலைமேல் ஒரு கர்வம் வந்துவிட்டது. வீட்டில் பழைய துணிகளுக்கு நடுவே தையல் மெஷின் முன்னால் குனிந்திருக்கும் கணவனிடம், "உங்களுக்கு நாளைக்கு ஆபரேஷன்னா, நீங்க மூச்சு விடறீங்களான்னு என் கல்லுதான் பாக்கும்" என்று சொல்வாள். எனக்கு எதற்கு ஆபரேஷன் என்று அவர் பயந்துபோய்க் கேட்பார்.

பட்டறையை ஆரம்பித்த முதலாளிக்குக் கைகால் விழுந்து வீட்டோடு முடங்கியபின், பெண்ணைக் கட்டிய மருமகன் நிர்வாகத்துக்கு வந்தார். முதலாளி வீட்டு மாப்பிள்ளை என்பதால் அவர் முதுகுக்குப் பின்னால் பட்டறைக்கே மாப்பிள்ளை ஆனார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாரையும் மனம் நோகப் பேச மாட்டார். ஆனால் உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டார். நின்ற இடத்தில் நிற்க மாட்டார். லிப்ட் வருவதற்குள் படியேறிவிடும் ஜாதி. அவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, கல் ஆறுவதற்கு ஏன் இவ்வளவு நாள் என்பது. உலையக்கா சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு, சரி, சூட்டைக் கொஞ்சம் வேகமாக இறக்கிப் பாருங்கள் என்றார். முடியாது என்றாள். முயற்சிகூடச் செய்யாமல் முடியாது என்பதா என்று அவர் தானே வந்து கட்டுப்பாட்டுப் பெட்டியில் எண்களை மாற்றிவிட்டுப் போனார்.

கல் உடைந்தது. உலையைத் திறந்தபோது குடுவைக்குள் கல்லுக்குப் பதில் ஒரு குவியல் இருந்தது. அடுத்ததையும் அதே வேகத்தில்தான் இறக்கச் சொன்னார். அது திறந்தபோது முழுசாகத்தான் இருந்தது. அறுக்கும் வாளுக்கடியில் வைத்ததும் குறுக்கே பிளந்தது. உள்ளே அவ்வளவு இறுக்கம்.

அவசரத்தால் உடைந்தது என்று சொல்லியிருந்தால் பேச்சு மாப்பிள்ளை பக்கம் போகும். அதனால் பேச்சு வேறு பக்கம் போயிற்று. மெருகு அறை மேஸ்திரி, நல்ல வேலைக்காரர், ஆனால் நாக்குக்குப் பூட்டு கிடையாது, உலைக்காரிக்குக் கைராசி போய்விட்டது என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவைத்தார். சும்மா சொன்னதோ, மாப்பிள்ளை காதில் விழட்டும் என்று சொன்னதோ. இரண்டு நாளில் பட்டறை முழுவதும் அதுதான் பேச்சு. புதுக் குடுவையை அவள் தொட்டுத் தூக்கப் போனால், இருங்க அக்கா, நான் பிடிக்கிறேன் என்று யாராவது முந்திக்கொண்டார்கள். அன்பால் முந்தவில்லை என்பது அவளுக்குத் தெரியாமலா போகும்.

மூன்றாவது கல்லை ஏற்றும்போது அவள் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இதுவரை வளர்த்ததிலேயே பெரிய கல் அது. பொறியாளர் பெண் கேட்டிருந்த ஜன்னல்கள் அத்தனையும் அந்த ஒரே கல்லிலிருந்து வரவேண்டும். நன்றாக உருகியது, ஒழுங்காக உறைந்தது, ஆற ஆரம்பித்தது. பாதிவழி வந்திருக்கும். மாப்பிள்ளை எல்லோரையும் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார்.

இனி கல்லை இங்கே வளர்க்கப் போவதில்லை. வெளியில் பெரிய கம்பெனிகள் வளர்த்த கல்லைக் கட்டியாக வாங்கி, அறுப்பதும் மெருகு போடுவதும் மட்டும் இங்கே. உலைக் கொட்டகையை ஒரு பேப்பர் வியாபாரிக்குக் கிடங்காக வாடகைக்கு விட்டாயிற்று. வார முடிவில் அவருடைய லாரி வரும். அதற்குள் உலையை அணைத்துவிட வேண்டும். யாருக்கும் வேலை போகாது, உலையக்காவுக்கு பேக்கிங்கில் இடம் இருக்கிறது.

உலையக்கா கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருந்தாள்.

"உள்ள கல்லு பாதியில இருக்கு சார். இப்ப அணைச்சா உடைஞ்சிடும்."

"ஏற்கனவே ரெண்டு உடைஞ்சாச்சு. இது உடையாதுன்னு என்ன நிச்சயம்?"

"அது நிச்சயமில்லதான். அணைச்சா உடையும்ங்கறது நிச்சயம்."

யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அந்தக் கல்லை நஷ்டக் கணக்கில் எழுதிக் கழித்துவிட்டதாகவும், அதைப் பற்றி அவள் கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, நின்ற இடத்தில் நிற்காமல் போய்விட்டார்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போகவில்லை. உலைக் கொட்டகைச் சுவரில்தான் மின்பலகை. உலைக்குப் போகும் மின்சாரத்தைத் தனியாக நிறுத்த வேண்டுமென்றால் அங்கே வந்துதான் நிறுத்த வேண்டும். ஸ்டூலை இழுத்துப்போட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். கத்தவில்லை, கோஷம் போடவில்லை. டயலைப் பார்ப்பதும், நேரத்துக்கு ஒரு தரம் சூட்டைக் கொஞ்சம் இறக்குவதும், குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறதா என்று குழாயைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தாள். எப்போதும் செய்கிற வேலைதான். போகச் சொன்ன பிறகும் செய்தாள் என்பதுதான் வித்தியாசம்.

மறுநாள் வயர்மேனை அனுப்பினார்கள். மனைவிக்கும் கரண்டுக்கும் அதே வரிசையில் பயப்படுகிற மனிதர். டெஸ்டரோடு வந்து எதிரில் நின்றார். அவள் எழுந்திருக்கவில்லை. அவர் திரும்பிப் போய் மாப்பிள்ளையிடம் பேசியதை மெருகு அறைப் பெண்கள் பிறகு நடித்தே காட்டினார்கள்.

"பேனல் முன்னாடி அக்கா உக்காந்திருக்காங்க சார்."

"நகரச் சொல்லு."

"சொன்னேன் சார்."

"என்ன சொன்னாங்க?"

"ஏன்னு கேட்டாங்க சார்."

மாப்பிள்ளையே வந்தார். முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும். இருந்தாலும் குரல் உயரவில்லை. இது என் பட்டறை, என் உலை, என் கல், உடைந்தால் நஷ்டம் என்னுடையது, உங்களுக்கு என்ன வந்தது என்று நியாயமாகத்தான் கேட்டார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பிறகு, கல் உங்களுடையது, உடைத்தவள் என்ற பேர் மட்டும் என்னுடையதா என்று கேட்டாள். பதில் வராதபோது மனிதர்கள் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

"இன்னையிலருந்து உங்களுக்கு இங்க வேலை இல்லை."

"சரிங்க சார்."

"கிளம்புங்க."

"வேலைக்காரியா இருந்தாத்தானே நீங்க சொல்றதைக் கேக்கணும்? இப்ப நான் யாரோ ஒருத்தி. உலை ஆறினதும் போறேன்."

அந்த வார்த்தை மதியச் சாப்பாட்டுக்குள் தெருக்கோடி வரை போய்விட்டது. மாப்பிள்ளைக்கு ரோஷம் தலைக்கேறியது. வாசல் பக்கம் போய் மொத்தப் பட்டறைக்குமான மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். விளக்குகள் போயின. காற்றை உறிஞ்சும் பம்பின் இரைச்சல் நின்றது. வருஷக்கணக்காக அந்த இரைச்சலுக்குள்ளேயே இருந்தவளுக்கு, அது நின்றதும் காது அடைத்தது போல் ஆயிற்று. இரண்டு உள்ளங்கைகளையும் உலையின் எஃகு மேல் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே கனமான கரிச்சுவர் இருக்கிறது, சூடு சட்டென்று போய்விடாது, கொஞ்சநேரம் தாங்கும் என்று அறிவு சொன்னது. இருந்தாலும் அந்த டிக் சத்தம் வருமோ வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

மெயினைத் திரும்பப் போடவைத்தது மேஸ்திரிதான். அவளுக்காக இல்லை. அவருடைய சக்கரங்களும்தான் நின்றுபோயின. மெருகுத் தார் பூசிய தட்டில் ஒட்டிக்கொண்டு பாதி மெருகில் பல வில்லைகள் நின்றன. கையெல்லாம் மெருகு போடும் சிவப்புக் குழம்போடு வெளியே ஓடிவந்து, "அந்தம்மா கல்லு போனா ஒண்ணு சார். என் தட்டுல இருக்கறது எல்லாம் போயிடும்" என்றார். மாப்பிள்ளை சுவிட்சை ஏற்றினார். பம்ப் மறுபடி இரைந்தது. உலையக்கா கையை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் வேர்த்து, எஃகில் கைத்தடம் விழுந்திருந்தது. டயலில் முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதை மறுபடி மேலே தூக்குவதா, விழுந்த இடத்திலிருந்து தொடர்வதா? அவளுக்கே தெரியவில்லை. தூக்கினால் கல் மறுபடி விரியும். விழுந்த இடத்திலேயே நிறுத்தி, வெகுநேரம் எதையும் தொடாமல் விட்டாள்.

சாயங்காலம் கணவன் வந்தார். செய்தி அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தது. அவருக்கு வாழ்க்கையில் யாரோடும் சண்டை கிடையாது; அளவு தப்பித் தைத்ததாக வாடிக்கையாளர் சொன்னால், தப்பாதிருந்தாலும் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறவர். வேலையும் போச்சு, மானமும் போச்சு, இன்னும் என்ன இங்கே என்று மெதுவாகக் கேட்டார். அவள் மூச்சுக்கருவியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதெல்லாம் அன்றைக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

"உள்ள ஏற்கனவே உடைஞ்சிருந்தா?" என்றார் அவர்.

"உடைஞ்சிருக்கலாம். திறக்கற வரைக்கும் தெரியாது."

"அப்புறம் எதுக்கு?"

"உடைஞ்சிருந்தா உடைஞ்சிருக்கட்டும்ங்க. அதை உடைச்சது நானா இருக்கக் கூடாது."

அவர் உலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தாள். மறுநாள் மடக்குக் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு, தோளில் ஒரு பை நிறையச் சட்டைகளோடு வந்தார். நீ கொஞ்சம் படு, முள் எங்கே வந்தால் எழுப்ப வேண்டும் என்று காட்டு என்றார். அதற்குப் பிறகு அவர் தினமும் வந்து, மின்பலகைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவரை நகரச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. வயர்மேன்கூடப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் சட்டைக்கும் ஒரு பொத்தான் போட்டுத் தரச் சொன்னார்.

வார முடிவில் பேப்பர் லாரி வந்தது. கூடவே வியாபாரியும். ஆள் உயரப் பேப்பர் சுருள்கள் லாரி நிறைய. மாப்பிள்ளை வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். வியாபாரி நேராக உள்ளே வந்தார். இவரிடமும் ஒரு பாட்டம் பாட வேண்டியிருக்கும் என்று உலையக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தார். உலையைச் சுற்றி ஓடும் குளிர்நீர்க் குழாயின் இணைப்புகளிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையெல்லாம் நனைத்திருந்தது. சுவரைத் தொட்டுப் பார்த்து விரலை மோந்தார்.

"இந்த ஈரத்துல என் சுருளை இறக்கினா நாலு நாள்ல அப்பளமாயிடும். யார் சொன்னது இடம் தயார்னு? உலையை எடுத்து, தரை காய்ஞ்சு, சுவர் காய்ஞ்சு, அப்புறம் கூப்பிடுங்க."

லாரி வந்த வழியே திரும்பிப் போயிற்று. உலையக்கா மனதுக்குள் தயார்செய்து வைத்திருந்த அத்தனை வார்த்தையும் வாய்க்குள்ளேயே நின்றது. வருகிற சிரிப்பை அடக்க முடியாமல் உலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அதன்பின் மாப்பிள்ளை அந்தப் பக்கம் வரவில்லை. அனுமதி தந்ததாகவும் இல்லை, தராததாகவும் இல்லை. உலை பாட்டுக்கு ஆறிக்கொண்டிருந்தது.

முள் இறங்கி அறைச் சூட்டுக்கு வந்த பிறகும் அவள் உடனே திறக்கவில்லை. தொட்டால் வெளியே ஆறியிருக்கும், நடுவயிற்றில் இன்னும் இருக்கும் என்று சொல்லி ஒரு நாள் முழுவதும் சும்மா விட்டாள். திறக்கும் அன்று பட்டறையே கொட்டகையில் கூடியது. மாப்பிள்ளையும் வந்தார், கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். காற்றைத் திரும்ப உள்ளே விட்டபோது உலை நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. சங்கிலிக் கப்பியில் குடுவை ஆடி ஆடி மேலே வந்தது. இந்தத் தடவை அவளுக்கு முன்னால் முந்திக்கொண்டு கை நீட்ட யாரும் வரவில்லை. உடைந்திருந்தால் அந்தப் பேர் நமக்கு வேண்டாம் என்று எல்லோரும் ஓரடி பின்னால் நின்றார்கள். அவளே சாய்த்து, மர மேடையில் கல்லை இறக்கினாள்.

வெளிப்புறம் சாம்பல் பூத்து, பனி படிந்த மாதிரி மங்கலாக இருந்தது. உச்சியில் அழுக்கெல்லாம் ஒதுங்கும் இடத்தில் ஒரு ஓரம் பெயர்ந்திருந்தது. அதை எப்படியும் அறுத்து எறிவார்கள். மற்றபடி முழுசு. அவள் ஈரத்துணியால் ஒரு பக்கத்தைத் துடைக்கப் போய், துணி சில்லென்றிருக்கிறது என்று அதை வீசிவிட்டுச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

முழுசாக வந்ததெல்லாம் முழுசு ஆகிவிடாது. போன கல்லும் முழுசாகத்தான் வந்தது. அறுத்து, இரு முகமும் தேய்த்தபின் மேஸ்திரி அதைச் சோதனை மேடைக்குக் கொண்டுபோனார். அங்கே இரண்டு கறுப்புத் தகடுகள் இருக்கும். ஒன்றின் வழியாக வரும் ஒளியை மற்றது மொத்தமாக மறைக்கும்படி திருப்பிவைத்து, நடுவே கல்லை வைத்துப் பார்ப்பார்கள். கல்லுக்குள் எங்கே இறுக்கம் இருக்கிறதோ அங்கே மட்டும் ஒளி கசிந்து வெள்ளையாகத் தெரியும். உடைந்த கல்லின் துண்டுகள் அதில் தீபம் வைத்த மாதிரி எரிந்தன என்று மேஸ்திரிக்கு அப்போதே தெரியும். தெரிந்தேதான் கைராசிப் பேச்சு பேசியிருந்தார். இப்போது குனிந்து வெகுநேரம் பார்த்தார். விளிம்பில் லேசாக ஒரு சாம்பல் நிழல். மற்ற இடமெல்லாம் கும்மிருட்டு. "பரவாயில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் நல்ல வார்த்தை யாரும் கேட்டதில்லை.

உலையக்கா மேடைமேல் குனிந்து அந்த இருட்டைத் தானும் ஒரு தடவை பார்த்தாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து, நல்லா வந்திருக்கு என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார் போலத்தான் இருந்தது. நடந்ததை விட்டுவிடலாம், அடுத்த வாரம் பேக்கிங்கில் வந்து சேர்ந்துகொள்ளுங்கள் என்றார். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். கணவனும் பார்த்தார், அவர் கண்ணில் சரி என்று சொல்லிவிடேன் என்ற கெஞ்சல் இருந்தது.

"வரேன் சார். ஒண்ணே ஒண்ணு. போன ரெண்டு கல்லும் என் ராசியால உடையல, அவசரத்தால உடைஞ்சதுன்னு இவங்க எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லுங்க. பேக்கிங் என்ன, கூட்டிப் பெருக்கச் சொன்னாலும் செய்றேன்."

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். சொல்ல நினைத்தார் என்றுதான் பலர் பிறகு சொன்னார்கள். அதற்குள் அவருடைய போன் அடித்தது, அல்லது அடித்த மாதிரி எடுத்துப் பார்த்துக்கொண்டார். பழசையெல்லாம் இப்போது எதற்கு என்றார். மேஸ்திரி அங்கேயே நின்று சுத்தமான கையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உலையக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். கட்டிலை மடக்கினாள். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் முக்கில் அவர், "பேக்கிங் உனக்கு ஒத்துவராது. அங்க யாரும் எதுக்கும் ஏன்னு கேக்க மாட்டாங்க" என்றார்.

அதன்பின் சில மாதங்கள் சுலபமாக இல்லை. காஜா எடுப்பதும் ஓரம் அடிப்பதுமாக வீட்டில் உதவினாள், கோணல்மாணலாக. பட்டறைக்கு வெளியிலிருந்து கல் வந்து இறங்கியது. அவள் போனதால் பட்டறை விளங்காது என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அப்படியொன்றும் ஆகவில்லை. ஒருநாள் மேஸ்திரி வாங்கிய கல்லில் ஒரு துண்டோடு வீட்டுக்கே வந்து, பார்த்துச் சொல் என்று நீட்டினார். மன்னிப்புக் கேட்க வந்தவர். கேட்க வராததால் கல்லை நீட்டினார். அவள் வெயிலுக்கு நேராகப் பிடித்து நாலா பக்கமும் திருப்பினாள். குற்றம் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. "நல்ல கல்லு. அவங்க ஆறவிட்டிருக்காங்க" என்றாள். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டே டீ குடித்துவிட்டுப் போனார்.

பெரிய கல்லிலிருந்து வந்த ஜன்னல்களை வாங்கிய பொறியாளர் பெண்ணுக்கு எப்படியோ கதை தெரிந்திருக்கிறது. ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் உலை பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று அவள்தான் சொல்லி அனுப்பினாள். உலையக்கா நேர்முகத்துக்குப் போனாள். நீளமேசைக்கு அந்தப்புறம் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், பழைய இடத்தில் ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்டாள். உடம்பு சரியில்லை, வீட்டில் சூழ்நிலை என்று எதையாவது சொல் என்று கணவன் பஸ் ஸ்டாப்பு வரை வந்து சொல்லிக்கொடுத்திருந்தார்.

"விடலைங்க. துரத்தினாங்க. நான் போகல. வேலை முடிஞ்சதும் போனேன்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, விவரமாகச் சொல்லுங்கள் என்றாள். வேலை கிடைத்தது.

அங்கே கால்சியம் இல்லை; பேரியம் ஃபுளோரைடு. அகச்சிவப்பில் இன்னும் கொஞ்சதூரம் போகும். அதைவிட, கண்ணுக்குத் தெரியாத கதிர் ஏதாவது அதன்மேல் பட்டால் உள்ளேயே ஒரு நொடிக்கும் மிகமிகக் குறைந்த நேரத்தில் புற ஊதாவில் மினுக்கென்று மின்னும். அந்த மின்னலை எண்ணித்தான் கதிரை அளக்கிறார்கள். ஆனால் சூட்டு விஷயத்தில் பழைய கல்லைவிட மோசமான கோபக்காரி. உருகும்போது துளி ஈரம் இருந்தாலும் பால் மாதிரி கலங்கிவிடும். அவள் ஏற்றிய முதல் கல் அவள் கைப்பட, அவள் வைத்த வேகத்தில், யாருடைய அவசரமும் இல்லாமலே உடைந்தது. திறந்து பார்த்தபோது நடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

கூட இருந்தவர்கள் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்கள். இங்கேயும் கைராசிப் பேச்சை ஆரம்பித்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், இது நான் உடைத்ததுதான் என்ற பதில் தயாராக இருந்தது. பிளந்த இரு பாதியையும் மேடைமேல் பொருத்திவைத்து, எந்த இடத்தில் விரிசல் தொடங்கியிருக்கும் என்று விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்தாள். பிறகு குடுவையைக் கையில் எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த தூளைத் தூரிகையால் தட்டிக்கொண்டே, அடுத்த பொடி எங்கே இருக்கிறது, இன்றைக்கே ஏற்ற வேண்டும் என்று கேட்டாள்.